பிற குறிப்புகள்

நீடாமங்கலம் கேட் மூடியிருந்தது.
சரக்கு ரயில், நாற்பத்திரண்டு பெட்டி, நெல்.
ஸ்கூட்டியை அணைத்துவிட்டு
புது டேப்லெட்டில் வெயில் படாமல்
துப்பட்டாவால் மூடிக்கொண்டேன்.
பிள்ளையை மூடுவதுபோல் என்று எழுத வந்தது.
இல்லை. உடைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள்,
அதனால்.

கேட்டுக்கு அந்தப்பக்கம் முப்பது வீடு.
நரிக்குறவர் காலனி என்கிறோம் நாங்கள்.
தங்களை வாக்ரி என்கிறார்கள் அவர்கள்.
டேப்லெட்டில் இருப்பது
நாங்கள் சொல்வது.

பேபிராணிக்கு மூன்று வாரமாக இருமல்.
"இதுக்கிட்ட ஒருதடவை இருமுங்க,
சத்தத்தை வச்சே சொல்லிடும்."
பாசி கோத்துக்கொண்டிருந்த கை நின்றது.
"என் இருமலை எங்க கொண்டுபோகும்?"

எனக்குத் தெரியாது.
தஞ்சாவூர்ப் பயிற்சியில்
ஏசி இருந்தது, கேசரி இருந்தது,
இந்தக் கேள்வி இல்லை.
சினிமாவில் பேசவைப்பதுபோல் அவள் பேசவில்லை.
நிதானமாகச் சொன்னாள்:
"எங்க மாமனார் கைரேகையை
எடுத்துட்டுப் போனாங்க ஒருநாள்.
அது இன்னும் எந்த ஸ்டேஷன்ல இருக்கோ."

திரையில் சம்மதம் என்று ஒரு பொத்தான்.
மறுப்புக்குப் பொத்தான் இல்லை.
அழுத்தாமல் அடுத்த பக்கம் திறக்காது.

அப்புறம் செய்ததை யாரிடமும் சொன்னதில்லை.
தெருமுனைக்கு வந்து
அவள் பெயரில்
நானே இருமினேன்.
வட்டம் சுற்றியது. சந்தேகம்: எழுபத்தெட்டு.

கை நடுங்கியது. ராத்திரி வீட்டில்
என் பெயர், என் தெரு, என் கதவு எண்.
அதே தொண்டை. அதே இருமல்.
சந்தேகம்: ஒன்பது. இயல்பு.

அவளுக்கு நோய் இருந்தது. அது வேறு.
சளியைக் கண்ணாடியில் தடவி,
கண்ணைச் சுருக்கிப் பார்த்து,
லேப் நிர்மலதாஸ் சொன்னார்.
ஆறு மாதம் மாத்திரை.

பதிவு செய்ததும் சிவப்புக் கட்டம்:
சிகிச்சையைக் கைவிடும் வாய்ப்பு மிக அதிகம்.
காரணம், ஓரிடத்தில் தங்காதவர்.
படித்துக் காட்டினேன். சிரித்தாள்.
பாசிச்சரத்தில் விரல் நகர்ந்தது.

"ஆடிப்பெருக்குக்குத் திருவையாறு.
ஆவணியில கொடியேறினா வேளாங்கண்ணி.
ஐப்பசி கடைசி மாயவரம் கடமுழுக்கு.
நாகூர் கந்தூரி பிறை பாத்துத்தான்.
தை அமாவாசைக்குக் கோடியக்கரை.
எந்தத் தேதியில எந்த வாசல்ல
உட்காருவேன்னு சொல்லிட்டேன்.
இதுவா ஓடிப்போறது?"

சொல்லி வைக்க இடம் தேடினேன்.
கடைசிப் பக்கத்தில், பிற குறிப்புகள்.
இத்தனை எழுத்துதான் என்று கணக்கு.
"மாயவரம் கட" வரை ஏற்றுக்கொண்டது.

புரட்டாசியில் மாத்திரை வரவில்லை.
பத்தொன்பது நாள்.
அவள் வந்தாள். திங்கள், வியாழன், மறு திங்கள்.
வேளாங்கண்ணியிலிருந்து இரண்டு பஸ் மாறி,
விற்காத மாலைகள் தோளிலேயே கிடக்க.
"இன்னும் வரலை" என்றேன் மூன்று முறையும்,
மூன்றாம் முறை அவள் முகத்தைப் பார்க்காமல்.

மாதக் கடைசியில் திரை சொன்னது:
பேபிராணி, தவறிய நாள் பத்தொன்பது.
பக்கத்தில் ஒரு பச்சை டிக்.
கணிப்பு சரி.

மூணாறு தலைப்பில் ஷட்டரை இறக்கிவிட்டு
வாய்க்கால் சோம்பேறி என்று
நோட்டில் எழுதுகிற லஸ்கர்
இந்த ஊரில் ஒரு போகம் தாங்கமாட்டான்.
வெண்ணாற்றுத் தண்ணீருக்குக் கேட்க ஆள் உண்டு.

அன்று கட்டத்துக்குள் அடங்கும்படி எழுதினேன்:
"அவர் வந்தார். மாத்திரை வரவில்லை."
இடம் மிச்சமிருந்தது. "மூன்று முறை" சேர்த்தேன்.
அந்தப் பெட்டியை எந்திரம் படிப்பதில்லை என்று
பிறகுதான் தெரிந்தது.

கோடியக்கரையிலிருந்து போன் செய்தாள்,
கடைசி மாத்திரை விழுங்கியாயிற்று என்று.
பின்னால் கடல், யாரோ பேரம் பேசும் குரல்.
நான் சொல்லவேண்டியதை அன்றும் சொல்லவில்லை:
எந்த ஊரிலோ, குளிரூட்டிய ஓர் அறையில்,
அவள் பெயரை ஒட்டிக்கொண்டு
என் இருமல் இருக்கிறது.
வாக்ரி ஒருத்தி எப்படி இருமுவாள் என்று
பாடம் நடத்திக்கொண்டிருக்கிறது.