ஒன்றுக்கு இருநூறு

பகலெல்லாம் பல் செய்கிறேன்,
முருகன்குறிச்சியில் ஒரு மாடி லேபில்,
ஜன்னலுக்குக் கீழே ஜங்ஷன் பஸ்கள் இரைய.
ராத்திரி எட்டுக்கு மேல்
அதே மேசை, அதே விளக்கு,
போர்க்கப்பல்.

சீட்டு எடுத்த பணம்.
பீரோ வாங்கு என்றாள் அக்கா.
பெட்டி வந்து இறங்கியபோது
பீரோ என்றுதான் நினைத்தார்கள் கீழ்வீட்டில்.

நாலடி மேசை. கப்பல் அதற்கும் ஒரு விரற்கடை கூட,
மூக்கை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது.
கிளினிக்கிலிருந்து செட் வாங்க வரும் ஆசீர்
இடுப்பில் இடித்துக்கொண்டு கேட்டான்:
"இது எந்தக் கடலுக்குக்கா போவும்?"
படிக்கட்டு வளைவிலேயே திரும்பாது.
அந்தக் கணக்கு எனக்கு
உடம்பை ஒட்டி முடித்த பிறகுதான் வந்தது.

பல்லில் வெள்ளை என்று ஒரு நிறம் கிடையாது.
ஏ-மூணு, பி-ரெண்டு, ஈறோரம் கொஞ்சம் மஞ்சள்,
நுனியில் கண்ணாடி மாதிரி ஒரு நீலம்.
கப்பலிலும் சாம்பல் என்று ஒன்று கிடையாது.
பக்கவாட்டுக்கு ஒன்று, பீரங்கி மேடைக்கு ஒன்று,
வெயிலில் வெளுத்தது, புகைபோக்கியோரம் கரிந்தது.
பதினொரு சாம்பல் கலக்கி
பல் அட்டையில் வரிசையாய்த் தடவி வைத்தேன்.
தச்சநல்லூர்க்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு
"இவ்வளவு சொத்தையாம்மா ஊருக்குள்ள?" என்றார்.

ஆனி மாதம் பெயின்ட் அடிக்கக் கூடாது.
யாரும் சொல்லவில்லை, அடித்துத்தான் தெரிந்தது.
செங்கோட்டைக் கணவாயில் கிளம்பிய காற்று
நேராக வந்து என் ஈரமான தளத்தில் உட்காருகிறது,
மண்ணோடு.
மூன்று தடவை தேய்த்தேன், மூன்று தடவை அடித்தேன்.
பிறகு நடுச்சாமத்தில், காற்று ஓய்கிற ஒரு மணிநேரம்,
ஜன்னல் இடுக்கில் ஈரச் சாக்கு.
கம்ப்ரஸர் உறுமலுக்கு
கீழ்வீட்டு நாய் மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

அடிப்பாகம் சிவப்பு.
தண்ணீருக்குள் போகிற பாதி.
வெற்றிலை போட்டுப் போட்டுச் சிவந்த
கீழ்வரிசைப் பல்லின் உள்பக்கம் அது.
குறிப்பேட்டில் அதற்கு ஒரு எண் போட்டிருக்கிறது.
நான் வாய்களைப் பார்த்துக் கலக்கினேன்.

முக்கூடலில் ஒரு பீடி ஏஜென்ட்,
புதுப் பல்லிலும் பழைய கறை வேண்டும் என்றார்,
"இல்லாட்டா ஆளே மாறிட்டாருன்னு சொல்லுவாவ."
வைத்துக் கொடுத்தேன்.
மிச்சக் கறையை
நங்கூரத் துளைக்குக் கீழே
துருவாக இழுத்துவிட்டேன்.

ஆவணியில் ஒரு துப்பாக்கி காணாமல் போனது.
விமானத்தைச் சுடுவது, மூன்றாம் தட்டு, நாற்பத்தேழாம் உறுப்பு.
இடுக்கியிலிருந்து டிக்கென்று தெறித்தது.
கன்னத்தைத் தரையில் வைத்து, டார்ச் அடித்துத் தேடினேன்.
எட்டு நாள் கழித்து டோனாவூரிலிருந்து போன்,
ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் கிறிஸ்துதாஸ்.
"எப்சிபா, கடவாய்கிட்ட என்னமோ குத்துதும்மா."
கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன்.
ரோஸ் ஈறுக்குள் பாதி புதைந்து
வானத்தைக் குறிபார்த்துக்கொண்டிருந்தது.
உண்மையைச் சொன்னேன்.
சிரித்தார், பல் இல்லாமல், ரொம்ப நேரம்.

பெட்டியில் ஆயிரத்துச் சொச்சம் உறுப்புகள்.
ஆள் ஒருத்தர்கூட இல்லை.
ஒன்றுக்கு இருநூறு என்றால்
மனுஷன் ஒரு நெல் நீளம்.
ஒரு ராத்திரி நெல்லை எண்ணி எண்ணித்
தளத்தில் வைத்துப் பார்த்தேன்,
மூழ்கியபோது உள்ளே இருந்தவர்கள் கணக்குக்கு.
தளம் போதவில்லை.
மேசையில் வழிந்தது, தரையில் விழுந்தது.
கூட்டி அள்ளிவிட்டு
ரெண்டு வாரம் கப்பல் பக்கம் போகவில்லை.

பிறகு ஒருத்தனைச் செய்தேன்,
மிஞ்சின ஈறு அக்ரிலிக்கில், பல் குடைகிற ஊசியால்.
பின்தளத்தில், கம்பியோரம்,
துவைத்த சட்டையை உதறிக்கொண்டு நிற்கிறான்.
அவனுக்கு மட்டும் சாம்பல் அடிக்கவில்லை.
எந்தத் தேதியில் கப்பல் எந்த நிறம் என்று
குறிப்பேட்டில் இருக்கிறது, கடைசி நாள் வரைக்கும்.
நான் அடித்திருப்பது கடைசி நாள் இல்லை.
அதற்கு முன்னால் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை,
சாப்பாடு முடிந்த நேரம்.

பின்பக்கக் கிரேன் பாக்கி.
பசை தீர்ந்துவிட்டது.
காலையில் நாங்குநேரிக்கு ரெண்டு செட் போக வேண்டும்,
மேல்வரிசை, ஏ-மூணு.