மேலே போகக் காசு

திபிலீசியில்
லிஃப்ட் ஏறக் காசு போட வேண்டும்.
இதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

சுவரில் ஒரு தகரப் பெட்டி, அதில் ஒரு கீறல்.
கீறலுக்கு மேலே
காதணிக் கொக்கிகளைக் கொட்டிவைத்தது போல
ஒரு வரி எழுத்து.
எட்டை அமுக்கினேன். மறுபடி அமுக்கினேன்.
கதவு மூடியது, திறந்தது,
என்னைப் பார்த்துவிட்டுத் திரும்ப மூடியது.
கையில் இருந்தவை
விமான நிலையத்தில் மாற்றிய நூறு லாரித் தாள்கள், ஆறு.
அந்தக் கட்டடத்திலேயே
அப்போது நான்தான் பணக்காரனோ என்னவோ.
இருபத்து மூன்று கிலோ பெட்டியோடு
படியேறிய பணக்காரன்.

ஆறாம் மாடியில் யாரோ வெங்காயம் வதக்கினார்கள்.
ஏழில் ஒரு பியானோ;
ஒரே இடத்தில், ஒரே விரல், திரும்பத் திரும்பத் தப்பியது.
அது சரியாகும் வரை உட்காரலாம் என்று உட்கார்ந்தேன்.
சரியாகவில்லை.
எட்டில் சாவியோடு நின்ற லமாரா
என் மூச்சைக் கேட்டார், தண்ணீர் தந்தார்,
குடித்து முடித்ததும்தான் சிரித்தார்.
மேசையில் ஒரு சில்லறையை வைத்து
விரலால் மேலே காட்டினார்.
பிறகு கீழே காட்டி, கையை விரித்தார்:
இறங்குவதற்கு ஒன்றுமில்லை.

இரண்டாம் நாள்
சாலையைக் கடக்க முடியவில்லை.
இங்கே சாலைக்கு அடியில் போக வேண்டும்.
அடியில் காலுறை விற்கிறார்கள், குடை விற்கிறார்கள்,
சாவிக்கு நகல் எடுக்கிறார்கள்.
மூன்று முறை இறங்கி
மூன்று முறையும் தப்பான கரையில் ஏறினேன்.
மூன்று முறையும் அங்கே அதே நாய்.
அதன் காதில் மஞ்சள் வில்லை, வில்லையில் எண்.
நகராட்சிப் பதிவேட்டில் இருக்கிறது அது.
நான் அதன் பின்னால் நடந்தேன்.

கணுக்கால் உயரத்தில் ஒரு ஜன்னல்.
குனிந்து பார்த்தால் உள்ளே
அடுப்புக்குள் தலைகீழாக இறங்கியிருந்த ஓர் ஆள்,
வெளியே கால்கள் மட்டும்.
பிழைத்து வந்தார், கையில் ரொட்டியோடு.
ஒரு விரல் காட்டினேன். ஒன்று தந்தார்:
என் கை நீளம், இரண்டு முனையும் கூர், பை கிடையாது.
அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்ததும்
ஊர்க்காரன் ஆகிவிட்டேன் போலிருக்கிறது.
இரண்டு பேர் வழி கேட்டார்கள்.
ஒருவரிடம் உதட்டைப் பிதுக்கினேன்.
மற்றவருக்கு, ஏனோ, வலது பக்கம் கை காட்டிவிட்டேன்.
தொப்பி போட்ட பெரியவர். நன்றி வேறு சொன்னார்.
ராத்திரி நாலு மணிக்கு விழித்து
அவரைப் பற்றிக் கவலைப்பட்டேன்.

மெட்ரோவில், தரைக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும்
அந்த நகரும் படியில்,
பின்னாலிருந்து ஒரு குழந்தை கத்தியது:
"மாமா! மாமா!"
உடம்பு முழுக்கத் திரும்பினேன்.
எனக்குப் பின்னால் நின்றவர் குனிந்து
அதன் மூக்கைத் துடைத்துவிட்டார்.
இங்கே மாமா என்றால் அப்பாவாம்.
லமாரா சொன்னார், அவர் கணவரின் படத்தைக் காட்டி,
பிறகு தன் மகளின் படத்தைக் காட்டி,
இரண்டுக்கும் நடுவில் விரலை ஓட்டி.
அதே ஓசை, வேறு வீடு.

நாலாம் நாள் எல்லாப் பையிலும் சில்லறை.
நடந்தால் சத்தம் வந்தது.
லிஃப்டில் எனக்குப் பின்னால் ஓர் அம்மாள்,
இரண்டு கையிலும் வாதுமைக்கொட்டை மூட்டை.
காசை நான்தான் போட்டேன், பெருமையாக.
மூட்டையை இறக்காமலே, முழங்கையால்,
அவர் பதினொன்றை அமுக்கிவிட்டார்.
இந்த லிஃப்ட் முதலில் சொன்னவர் பேச்சைத்தான் கேட்கும்.
கதவு இடுக்கில் எட்டாம் மாடியின் வெளிச்சம்
ஒரு கோடாக வந்து போனது.

பதினொன்றில் அவர் என் சட்டைப் பையில்
ஒரு பிடி கொட்டை போட்டார்.
நீளமாக ஏதோ சொன்னார்.
நடுவில் ஒரு கேள்வியும் இருந்தது.
ஆமாம் என்று தலையாட்டினேன்.

எதற்கு ஆமாம் என்று யோசித்தபடியே
இலவசமாக இறங்கினேன்.
சாவியைப் போட்டுத் திருகினேன், திரும்பவில்லை.
இன்னும் அழுத்தித் திருகினேன்.
உள்ளே பியானோ
நின்றது.