ஏழுன்னு போடு

இரவு ஷிப்ட். சிப்காட் காற்றில்
முட்டைகோஸ் அழுகிய வாடை.
உப்பனாறு வற்றுகிற நேரம் இது என்று
கடிகாரத்துக்கு முன்னால் மூக்கு சொல்லும்.

மூன்றாம் தொட்டித் தண்ணீரில் மின்முனையை நனைத்தேன்.
மூன்று புள்ளி நாலு.
கழுவித் துடைத்து மறுபடி நனைத்தேன்.
மூன்று புள்ளி நாலு.
"ஏழுன்னு போடு அஞ்சலாட்சி," என்றார் தண்டபாணி சார்,
டீ கிளாஸைக் கீழே வைக்காமலே.
போட்டேன்.
நீல மையில், கழுத்து ஒடிந்த ஒரு ஏழு.

ஆய்வகச் சன்னலில், பாதியாய் அறுத்த அமிலக் கேனில்
ஒரு ரணகள்ளி. யார் வைத்தார்களோ.
பகலெல்லாம் வாயை மூடிக் கிடக்கும்.
நாங்கள் தூக்குச்சட்டியைத் திறக்கும் நடுச்சாமத்தில்தான்
அதுவும் இலைத்துளைகளைத் திறந்து
காற்றிலிருந்து கரியை வாங்கும்,
வாங்கியதை மாலிக் அமிலமாக்கி
செல்லுக்குள் இருக்கும் பைக்குள் தள்ளும்.

சும்மா போகாது அமிலம்.
பையின் தோலெங்கும் பம்புகள்.
ஒவ்வொரு புரோட்டானையும்
கூலி கொடுத்துத்தான் உள்ளே ஏற்ற வேண்டும்.
அது ஏறிவிட்டால் மாலேட் தானாகப் பின்னால் போகும்,
மீன் வண்டியின் பின்னால் காக்கை மாதிரி.

விடிவதற்குள் பைக்குள்ளே மூன்றரை.
வெளியே, தாளைவிட மெல்லிய சவ்வுக்கு இப்பால்,
செல்லின் சாறு
ஏழு.
யாரும் போடச் சொல்லாத ஏழு.
கூலி கொடுத்த ஏழு.

ஆறு மணிக்கு ஒரு இலையைக் கிள்ளி மென்றேன்.
பல் கூசியது.
இன்னொன்றை அரைத்து வடிகட்டி
பியூரெட்டைத் திறந்து சொட்டுச் சொட்டாய்க் காரம் விட்டேன்;
ரோஜா நிறம் வர இருபத்தொரு மில்லி.
பகல் ஷிப்ட் வாரத்தில், சாயங்காலம் நாலு மணிக்கு,
அதே எடை இலைக்கு ஆறே மில்லி போதும்.
வெயில் வந்ததும் பையை அவிழ்த்து
சேர்த்த புளிப்பைச் சர்க்கரையாக்கிக்கொள்கிறது.

எனக்கு அந்த வேதியியல் வரவில்லை.
ரயில்வே கேட்டில் பஸ் நின்றபோது
ஏப்பம் மாதிரி மேலே வந்தது ஏழு.
உலை வைத்தேன், பையனுக்கு ஷூ லேஸ் கட்டினேன்.
வெயில் ஏறியும் அது குறையவில்லை.

மறுநாள் இரவு ஒரு இலையைப் பறித்து
பதிவேட்டில் அந்தப் பக்கத்தில் வைத்து மூடினேன்.
பள்ளிக்கூடத்தில் குட்டி போடுமென்று வைப்போமே, அப்படி.
வேறு காரணம் கேட்டால் தெரியாது.

பன்னிரண்டு நாள் கழித்துக் கணக்குப் பார்க்க வந்தவர்
பக்கங்களைப் புரட்டி நின்றார்.
இலையின் பல்லிடுக்குகளில் சிறு செடிகள்.
வெள்ளை வேர்கள் கட்டத்துக்குக் கட்டம் தாண்டியிருந்தன.
சாறு கசிந்து மை ஊறியிருந்தது.
"எண்ணே தெரியலையேம்மா. அன்னிக்கு என்ன ரீடிங்?"

தண்டபாணி சார் தொண்டையைச் செருமினார்.
நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.
மூன்று புள்ளி நாலு, என்றேன்.