கேட்கும் பெட்டி

தாலினிலிருந்து ஸ்டாக்ஹோம். ஏழாம் தளம், நடனக் கூடம்.
மேடைக்குப் பின்னால் அலமாரியில் திருகி வைத்த
கறுப்புப் பெட்டி, நான் பள்ளியில் படித்த நாளில் செய்தது.
வயலின் கூட்டம், அக்கார்டியன், அழுமூஞ்சிச் சாக்ஸபோன்
எல்லாம் அதன் வயிற்றில்.
முதுகில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஐந்து துளை.
அதில் இரண்டு சும்மா, பேருக்கு,
எங்கள் நிர்வாகத்தில் இரண்டு பேர் போல.

பழைய கீபோர்டு போன வாரம் பீரில் குளித்துச் செத்தது.
புதியது இறகு கனம்.
திருப்பிப் பார்த்தேன், வட்டத்தைக் காணோம்.
சதுரமாய் ஒரே ஒரு யுஎஸ்பி வாய்.
'கணினியில் செருகவும்' என்றது கையேடு
பதினேழு மொழிகளில்.
கப்பலில் கணினி கேப்டனிடம் இருக்கிறது.
வால்ட்ஸுக்கெல்லாம் தரமாட்டார்.

டிரம்ஸ் டார்மோ, எதற்கும் ஒரு கேபிள் வைத்திருப்பவன்,
ஒன்பது யூரோவுக்கு ஒன்று கொண்டுவந்தான்.
ஒரு முனை யுஎஸ்பி. மறுமுனை இரட்டை வால்.
முனையும் முனையும் ஒட்டவில்லை,
நடுவில் ஒரு துண்டு வைத்துச் சம்பந்தம் பேசி முடித்தோம்.
பொருந்தியது.
அழுத்தினேன்.
எஞ்சின் சத்தம்தான் கேட்டது.

ஊர்வே வந்தாள், கப்பலின் எலக்ட்ரீஷியன்,
கையில் கறுப்பு ரொட்டி, ரொட்டி மேல் கிலு மீன்.
பார்த்ததும் சிரித்துவிட்டாள்.
"உன் கீபோர்டு கேட்டால்தான் பேசும்.
இந்தக் கேபிளும் கேட்டால்தான் பேசும்.
ரெண்டும் மரியாதையா உட்கார்ந்திருக்கு,
யார் முதலில்னு."

மேடையின் அந்தக் கோடியில் ஐனார்
மைக்கின் வலையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.
துடைத்ததையே துடைத்தான்.
வெள்ளிக்கிழமையிலிருந்து அவனும் நானும் பேசுவதில்லை.
ஒரு பாட்டின் சுருதிதான் காரணம்.
இல்லை, சுருதி இல்லை. விடுங்கள்.

மறுநாள் ஸ்டாக்ஹோமில் இறங்கி
சோப்புக்கட்டி அளவில் ஒன்று வாங்கிவந்தேன்.
இந்தப் பக்கம் யுஎஸ்பி, அந்தப் பக்கம் வட்டம்,
சோறு என் போன் சார்ஜரிலிருந்து.
அதற்கு ஒரே வேலை:
இருக்கிறதா? இருக்கிறதா? இருக்கிறதா?
நொடிக்கு ஆயிரம் முறை.
ஆயிரம் இல்லை வந்தாலும் முகம் கோணாது.
ஆயிரத்து ஓராவதில்
'இருக்கிறது. பஞ்சமம். மெல்லத் தொட்டாள்.'
கேட்பதும் கேட்பதும் ஒன்றே அதற்கு.

கறுப்புப் பெட்டி எதையும் விசாரிக்காது, வந்ததை வாங்கிக்கொள்ளும்.
அதன் வாசலில் கம்பியைக் கம்பி தொடுவதில்லையாம்.
இங்கே துளி விளக்கு மினுங்கும்,
இருட்டில் எதிரே ஒரு கண் பார்த்துக்கொள்ளும்.
ஊர்வே சொன்னது. மீன் வாசனையோடு.

அன்றிரவு பதினொன்றரைக்கு
ஓலந்துத் தீவுகளுக்கு அருகே கப்பல் சாய்ந்து திரும்ப,
சோப்புக்கட்டி வழுக்கியது. வயர் கழன்றது.
விரலை எடுத்தேன்.
ஸ்வரம் நிற்கவில்லை.
அழுத்தினாள் என்ற சேதி போய்ச் சேர்ந்திருந்தது,
விட்டாள் என்பது போகவில்லை.
முப்பது வயலின்கள் ஒரே பஞ்சமத்தில், மூச்சு வாங்காமல்.
தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல்
பார்னுவிலிருந்து வந்த பல் டாக்டர் ஒருவர்.

மேசைக்கடியில் தவழ்ந்துகொண்டிருந்தேன்.
மேலே ஐனார் அந்த ஸ்வரத்தில் சாய்ந்துகொண்டு
கடைசி வரியை மறுபடி எடுத்தான், நிதானமாய்,
என்னவோ ஒத்திகை பார்த்தது போல.
டாக்டரின் கால் இறங்கியதை மேசைக்கடியிலிருந்தே பார்த்தேன்.

வயரைச் செருகினேன். அப்போதும் நிற்கவில்லை.
அதே கட்டையை மறுபடி அழுத்தி
விட்டேன்.

கைதட்டினார்கள். பாவம், அவர்களுக்கென்ன தெரியும்.

விளக்கணைத்த பின், வயர் சுற்றிக்கொண்டே,
"எந்தச் சுருதி வேணும் உனக்கு?" என்று கேட்டேன்.
ஐனார் மைக்கைத் துடைத்தபடி
"என்ன?" என்றான்.

மறுபடி கேட்டேன்.