ஆணி அடிக்காமல்

திருக்கடலூர் தவநேசன்
பொலித்தீன் பையைப் பிரித்துப் போனை எடுத்தார்.
விளிம்பில் உப்புப் பூத்திருந்தது. யாரோ
ரூட் பண்ணிக் கைவிட்ட பழசு.

"தங்கச்சி, நனைஞ்ச விரலை இது நம்புதில்லை.
இருட்டுக்குள்ள, வலையும் கையுமாத் திரையைத் தடவினா
தன்ர பாட்டுக்கு ஆருக்கோ கோல் போகுது.
இந்தச் சத்தப் பொத்தானை அமத்தினா
டோர்ச் எரியோணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான்.
மூன்று கடை ஏறி இறங்கியிருக்கிறார்.
ஒருவன் உள்ளே வெட்டித் தைக்கலாம் என்றானாம்,
செத்தால் பொறுப்பில்லை என்றும்.

நான் வெட்டுவதில்லை.
பாலையூற்றில் என் வாடகை அறைக்கு
எமில்டா அக்கா முதல் நாளே போட்ட சட்டம்:
சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.
நாலு வருசம். கண்ணாடி, கலண்டர், திரைச்சீலை
எல்லாம் நூலிலும் பசையிலும் நிற்கின்றன.
நாளைக்கே எழும்பச் சொன்னால்
என்னைக் கண்டதாகவே சுவர் சொல்லாது.

இதுவும் அப்படித்தான்.
சிஸ்டம் கோப்பில் ஓரெழுத்தும் மாறாது.
பொத்தான் அழுந்திய சேதி உள்ளே போகிற வழியில்
நான் வைத்த மொடியூல் மறித்து
"பொறு, இது வெளிச்சத்துக்கு" என்று காதில் சொல்லும்.

முதல் தரம் சரிவரவில்லை.
லோகோ வந்தது, அணைந்தது, வந்தது,
அணைந்தது. தவநேசன்
குடித்த பிளேன்டீயை வைத்துவிட்டார்.
"செத்திட்டுதோ?"
"இல்லை அண்ணை." என் குரலை நானே நம்பவில்லை.
கீழ்ப்பொத்தானைப் பிடித்தபடி மறுபடி எழுப்பினேன்.
நான் விரித்ததெல்லாம் ஒதுங்கிக்கொள்ள
கம்பனி செய்த முகம்
கீறல் இல்லாமல் திரும்பி வந்தது.
மொடியூல் பழைய அண்ட்ராய்டுக்கானது. என் பிழை.
வேறொன்று போட்டேன்.

பிறகு வங்கிச் செயலி விசாரித்தது:
உன்னை யாராவது திறந்தார்களா?
யாருக்கு எதைச் சொல்லாமல் விடுவதென்று
அதற்கும் ஒரு பட்டியல் உண்டு.
இல்லை, என்றது போன்.
கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல
நாங்கள் சோதனைச் சாவடியில் பழகியது.
இது இப்போதுதான் பழகுகிறது.

ஒன்பதரை. மத்திய வீதியில் பாதிக் கடை பூட்டு.
தவநேசன் கோப்பை கழுவும் வாளியில்
விரல்களை முக்கினார். உதறவில்லை.
சொட்டச் சொட்ட அமத்தினார்.

வெளிச்சம் வீதியைக் கடந்து விழுந்த இடத்தில்
மரக்கறிக் குப்பையில் வாய் வைத்தபடி
ஒரு மான்,
இரண்டு பச்சைக் கண்.

"எவ்வளவு?" என்றார்,
அதைப் பார்த்தபடியே,
இன்னும் அணைக்காமல்.