நானூற்றுப் பதினேழு

வேலந்தாவளம் சோதனைச் சாவடியில்
வண்டியை ஓரங்கட்டச் சொன்னார்கள்.
சாக்குக்குள் என்ன?
நெல்லு.
எத்தனை கிலோ?
எண்பத்தாறு பொட்டலம்,
பொட்டலத்துக்கு இருநூறு மணி.
மணியை எண்ணியா கொண்டுவருவீர்கள் என்று
மலையாளத்தில் சிரித்தார் காவலர்.
கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
அதில் இல்லாததை நானும் சொல்லவில்லை:
இது முழுக்க நாங்கள் வேண்டுமென்றே கெடுத்த நெல்.

ஓர் இரவு மருந்தில் ஊறவைப்போம்.
நாற்பது கோடி எழுத்துள்ள புத்தகம்,
நாலே எழுத்து, இடைவெளி கிடையாது.
மருந்து எங்கெங்கோ நுழைந்து
ஜி இருந்த இடத்தில் ஏ வைத்துவிட்டுப் போகும்.
காற்று என்று எழுதியதில் முதலெழுத்து மாறி
நாற்று ஆகிவிடுவது மாதிரி.
பொருள் மாறலாம், ஒன்றும் ஆகாமலும் போகலாம்.
417இல் மாறியவற்றுள் ஒன்று
வாக்கியத்தின் நடுவே
முற்றுப்புள்ளியாக நின்றுவிட்டது.
மிச்சத்தைச் செடி படிக்கவே இல்லை.

அந்த வாக்கியம் என்னதான் சொல்லிற்று?
தரவுத்தளத்தில் அதற்கு நேரே
'செயல் அறியப்படாத புரதம்' என்றிருக்கும்.
விலாசம் உண்டு, வேலை இல்லை.
கடுகுக்கு உறவான ஆய்வகச் சின்னச் செடியிலும்
இதன் பங்காளி ஒன்று இருக்கிறது.
எங்கோ பனி நாட்டில் அதை உடைத்துப் பார்த்து
எதுவும் நேரவில்லை என்று எழுதியிருந்தார்கள்.
கோவையில், கண்ணாடி வீட்டில்,
மூன்று போகம் நானும் அதையே எழுதினேன்.
தூர், வேறுபாடில்லை.
பூத்த நாள், வேறுபாடில்லை.
கைக்கே பழகிவிட்டது.
உப்பு வைத்தோம், வெயில் வைத்தோம், தண்ணீரை நிறுத்தினோம்.
காற்றை வைக்க யாருக்கும் தோன்றவில்லை.
கதவு கொஞ்சம் திறந்திருந்தாலே
ஸ்ரீலேகா டாக்டருக்குக் கோபம் வரும்.

கொழிஞ்சாம்பாறை. கரிசல். ஆடி மாதம்.
மலைத்தொடர் மூடாமல் விட்ட வாய்க்கு
நேரே இருக்கிறது வயல்.
அம்மி பறக்கும் என்பார்கள்.
அம்மி கிடந்த இடத்திலேயே கிடந்தது,
பறந்தது என் பதிவேட்டின் நடுத்தாள்.
துரத்திப் பிடித்துவந்த வேலாத்தாள்
தாளைத் தராமல் வயலையே பார்த்து நின்றாள்.
"அந்த வரிசைக்குக்
காத்தடிக்கறதே தெரியலீங்க."

தெரியவில்லைதான்.
மற்ற எண்பத்தைந்தும் அடி வாங்கி வாங்கி
ஒரு சாண் குட்டையாகித் தண்டு தடித்திருந்தன.
417 மட்டும் இன்னும்
கண்ணாடி வீட்டில் இருக்கும் நினைப்பில்
வளர்ந்துகொண்டே போனது.
நான் மூன்று போகம் சும்மா என்று எழுதிய ஒன்று
காதாக இருந்திருக்கிறது.
சத்தமே இல்லாத அறையில் வைத்து
அதன் செவியைச் சோதித்திருக்கிறேன்.

பெயர் வைக்கவேண்டும் என்றார் டாக்டர் போனில்.
மரபணுவுக்குப் பெரும்பாலும்
அது இல்லாதபோது நேரும் குறைதான் பெயர்.
பச்சையைத் தருவதை வெளிறல் என்பார்கள்,
மகரந்தம் தருவதை மலடு.
ஆகவே இது 'காற்றறியா'.
வேலாத்தாள் சொன்னதில் பாதி.
அவள் பெயர் கூலிச் சீட்டில் இருக்கிறது,
பஸ் தாமதமானதற்கு அரைநாள் பிடித்தத்தோடு.
கட்டுரையின் நன்றி வரியில் சேர்க்கச் சொல்லி எழுதினேன்.
பதில் இல்லை, இதுவரை.

மூன்றாம் நாள் 417 சாய்ந்தது,
மொத்தமும் கிழக்கே தலைவைத்து.
கொக்குகள் அதன்மேல் பாய்போல நடந்தன.
இன்று உயரம் எடுக்கவேண்டிய நாள்.
வேலாத்தாள் அளவுகோலை
மண்ணோடு படுக்கவைத்து
நூற்று முப்பத்தொன்று என்கிறாள்.
நான் நிறுத்திப் பிடித்திருக்கிறேன்,
பதினெட்டு காட்டுகிறது.
'உயரம்' என்று படிவத்தில்
ஒரே ஒரு கட்டம்.
பேனா மூடியைக் காற்று கொண்டுபோய்விட்டது.