எடைமேடை

அக்டோபரில் கிழங்கு வரத் தொடங்கினால்
ஜனவரி வரை ஆலை உறங்காது.
லாரிக்கு ஒரு கிழங்கைத் துருவி, பிழிந்து,
சாற்றைக் குழாயில் ஊற்றி
ஒளி எவ்வளவு திரும்புகிறதென்று பார்ப்பேன்.
பதினாறு புள்ளி நான்கு. பதினேழு.
இனிப்பை எண்ணாகச் சொல்வது என் வேலை.

போகுமில் எடைமேடையில் இருந்தான்.
அவனுக்குச் சர்க்கரை.
"சர்க்கரை ஆலையில் சர்க்கரைக்காரன்" என்று
பிறர் சொல்வதற்குள் அவனே சொல்லிவிடுவான்.
காலையில் ஒன்று, மாலையில் ஒன்று,
வெள்ளை மாத்திரை, நடுவில் கோடு.
பெட்டிக்குள் வந்த தாளை எட்டாக மடித்து
ஆடும் மேசைக்காலுக்கு
முட்டுக் கொடுத்திருந்தான்.

அன்று விஸ்துலாவிலிருந்து மூடுபனி.
நெடுஞ்சாலை வரை லாரிகள்.
மாத்திரையைப் போட்டுக்கொண்டான்,
ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.
ஒன்பது மணிக்கு
இருபத்திரண்டு டன்னை இருநூற்று இருபது என்று எழுதினான்.
ஓர் ஓட்டுநரை
இறந்துபோன தம்பியின் பெயரால் கூப்பிட்டான்.
அந்தக் குளிரிலும் சட்டை நனைந்திருந்தது.

"ஊது" என்றார் கண்காணிப்பாளர்.
கருவியில் பூஜ்யம்.
"பலமாக ஊது."
பூஜ்யம்.
மூன்றாம் முறைக்கு அவனிடம் மூச்சில்லை.
'ஒத்துழைக்க மறுப்பு' என்று எழுதிக்கொண்டு
வெளியே அனுப்பினார்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்.
குடித்திருக்கிறான் என்றுதான் நானும் நினைத்தேன்.
இதைச் சொல்லாமல்
மற்றதைச் சொல்ல எனக்கு வாயில்லை.

அடுத்த மாதிரி எடுக்கப் போனபோது
கிழங்குக் குவியலில் சாய்ந்து கிடந்தான்.
கையில் மண் அப்பிய ஒரு கிழங்கு,
அதில் பல் பதிந்த தடம்.

அப்போதுதான் புரிந்தது.

ஓடிப்போய்ப் பாகு எடுத்து வந்தேன்,
விரலால் கன்னத்தின் உட்புறம் தடவினேன்.
விழுங்கினான். மறுபடி தடவினேன்.
வெகுநேரம் கழித்து "யாகோதா" என்றான்,
என் பெயரைச் சரியாக.

முடிந்தது என்று நினைத்தேன்.
மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏறும்போதே
மீண்டும் தாழ்ந்தான்.
நள்ளிரவில் இன்னொரு தரம்.
சிறுநீரகம் எப்போதோ தளர்ந்துவிட்டதாம்.
வெளியேற வேண்டிய மாத்திரை உள்ளேயே தங்கி
சுரந்துகொண்டே இரு, சுரந்துகொண்டே இரு என்று
கணையத்தை விரட்டுகிறதாம்.
வயிற்றில் ரொட்டி விழுந்ததா என்று
அது கேட்பதில்லை.
முப்பது மணி நேரம்
விரல்நுனியில் ஊசி குத்திக் குத்தி
எண் சொன்னார்கள்.
எண்களோடு பிழைப்பவள்
அப்படி எண்களுக்காக உட்கார்ந்திருந்ததில்லை.

டிசம்பரில் திரும்பினான், வேறு மாத்திரையோடு.
கண்காணிப்பாளர் கை குலுக்கினார்.
எழுதியதை அடிக்கவில்லை.

மேசைக்கு அடியிலிருந்து தாளை உருவி விரித்தோம்.
மடிப்புகளில் எழுத்து தேய்ந்திருந்தது.
'உணவைத் தவறவிட்டால்' என்பது வரை
படிக்க முடிந்தது.

மேசை இப்போது ஆடுகிறது.
அவன் சட்டைப்பையில் எந்நேரமும்
நான்கு சர்க்கரைக் கட்டிகள்.
உறையைத் திருப்பிப் பார்த்தேன்:
எங்கள் ஆலையுடையது அல்ல.